ஏசி போடாத மாப்பிள்ளை

ஒரு பொருளை நம்பாதவன் கையில் அந்தப் பொருளை ஒப்படைக்கக் கூடாது. அது ஒழுங்காக வேலை செய்ய நினைத்தாலும் அவன் விடமாட்டான். இந்த ஞானம் எனக்குச் சும்மா வரவில்லை. என் மைத்துனன் ராபர்ட்டின் கல்யாணம் ஏறக்குறைய நின்றுபோன பிறகுதான் வந்தது. நிறுத்தப் பார்த்தது பெண் வீட்டார் அல்ல, எங்கள் பக்கத்தின் மூத்த மாப்பிள்ளையான நான்.

தஞ்சாவூரில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் மூக்கில் ஏறும் டீசல் வாசனைதான் எனக்குக் காபி. சொந்தமாக ஒரு டீசல் ஜீப்பும் இருந்தது. அது கிளம்பினால் தெருமுனையில் தூங்கும் நாய் கண்ணைத் திறக்காமலே எழுந்து ஓரம் போகும். மலையேறுவதற்காகச் செய்த வண்டி. எங்கள் பக்கத்தில் மேடு என்று சொல்ல ரயில்வே மேம்பாலத்தை விட்டால் ஒன்றும் கிடையாது. (அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்தப் பாலத்தில் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு வீட்டுக்கு வருவேன்.) அது எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று கணக்குப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் தூக்கம் போயிருக்கும்.

என்னைப் போன்ற சிலர் சேர்ந்து வாட்ஸப்பில் 'டெல்டா டீசல் அன்பர்கள்' என்று ஒரு குழு வைத்திருந்தோம். மின்சாரக் கார்கள் ரோட்டில் தலைகாட்டத் தொடங்கியதிலிருந்து குழுவில் வேறு பேச்சே இல்லை. சில வருஷத்தில் பேட்டரி செத்துவிடும், புது பேட்டரி வாங்க அந்தக் காரையே விற்க வேண்டியிருக்கும் என்றார் ஒருவர். கத்திரி வெயிலில் தானாகத் தீப்பிடிக்கும் என்றார் இன்னொருவர். வாய்க்கால் உடைந்து ரோட்டில் தண்ணீர் நின்றால் காரோடு நாமும் ஷாக் அடித்துப் போக வேண்டியதுதான் என்று நான் எழுதினேன். திருவையாற்றில் ரைஸ்மில் வைத்திருக்கும் நண்பர், மிக்ஸிக்குச் சக்கரம் மாட்டினால் அது காராகிவிடுமா என்று கேட்டார். அதற்கு நாங்கள் ஒரு நாள் முழுக்கச் சிரிப்புப் பொம்மைகளாகப் போட்டுக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவர்கூட அதுவரை மின்சாரக் காருக்குள் உட்கார்ந்ததில்லை.

இந்த நிலையில்தான் ராபர்ட் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு மின்சாரக் காரை வாங்கி வாசலில் நிறுத்தினான். என் மனைவி சகாயத்தின் ஒரே தம்பி. ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். எதையும் நாலு முறை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் செய்வான். வீட்டு கரண்டில் சார்ஜ் போட்டால் டீசலுக்கு ஆவதில் கால்வாசிகூட ஆகாது, ஆயில் மாற்றுகிற வேலை கிடையாது, தினமும் வல்லம் வரை போய்வருகிற எனக்கு இது போதும் அத்தான் என்று பணிவாக விளக்கினான். மலிவாகக் கிடைக்கிற எதிலும் எங்கோ ஒரு ஓட்டை இருக்கும் என்பது என் கொள்கை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஓட்டை கண்ணில் படவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

ராபர்ட்டுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. பல இடங்கள் கைகூடி வந்து கடைசி நேரத்தில் தட்டிப்போயிருந்தன. என் மாமியார் (அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்ட மெழுகுவர்த்திகளை ஒன்றாக ஏற்றினால் பேராலயத்துக்குத் தனியாக விளக்கே வேண்டாம். கடைசியாகப் பூம்புகார் பக்கத்தில் ஒரு வரன் அமைந்தது. பெண் பெயர் ஜெசிந்தா, பள்ளிக்கூட ஆசிரியை. அப்பா லூர்துசாமி, மீன்பிடிப் படகுகளின் இன்ஜின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. பெண்ணின் பெரியம்மாவுக்கு மட்டும் ஒரு உறுத்தல். அவர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இவ்வளவு லட்சணமான பையனுக்கு இத்தனை வயது வரை ஏன் கல்யாணம் ஆகவில்லை, உடம்பில் ஏதாவது கோளாறோ என்று தரகரிடம் இரண்டு முறை கேட்டிருந்தார்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ராபர்ட், அத்தை, சகாயம், நான் என்று நாலு பேர் மட்டும் போய்ப் பூ வைத்துவிட்டு வருவது என்று முடிவானது. அந்த ஊர்ப் பங்குச் சாமியார் பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து ஜெபம் சொல்லி ஆசீர்வதிப்பார். அதன் பிறகுதான் கோயிலில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிக்கப் பெயர் கொடுப்பார்கள். பூ வைக்கப் போகிற அன்று கல்யாணப் பையன் தன் கையால் கார் ஓட்டக் கூடாது என்பது அத்தை வீட்டு வழக்கம். மூத்த மாப்பிள்ளைதான் அழைத்துப் போக வேண்டும். அப்படியென்றால் என் ஜீப்பில் போகலாம் என்றேன். பெண் வீட்டார் புதுக் காரைப் பார்க்க வேண்டாமா என்று சகாயம் கேட்டாள். ஆக, மின்சாரக் காரை உலகத்திலேயே அதிகம் நம்பாத ஒருவன் கையில் அதன் சாவி வந்து சேர்ந்தது. (அதற்குச் சாவியைப் போட்டுத் திருப்புகிற வேலை கிடையாது, ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அதுவே எனக்கு முதல் சந்தேகம்.)

கிளம்புவதற்கு முன் குழுவில் ஒரு செய்தி போட்டேன். 'இன்று மிக்ஸியில் பூம்புகார் பயணம். எந்த ஊரில் நிற்கிறது என்று தெரிவிக்கிறேன்.' பன்னிரண்டு பேர் ஆவலோடு காத்திருப்பதாகப் பதில் போட்டார்கள்.

பொத்தானை அமுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அமுக்கினேன். அத்தான், முதல் தடவை ஆன் ஆச்சு, இப்ப ஆஃப் ஆயிடுச்சு என்றான் பின்சீட்டில் இருந்த ராபர்ட். ஒருவழியாக வண்டி நகர்ந்தது. முன்னால் திரையில் பேட்டரி நூறு சதவீதம் என்றும், அதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்றும் போட்டிருந்தது. போய்த் திரும்பி வந்தாலும் மிச்சம் இருக்கும் தூரம் அது.

"இந்த நம்பரை யாருடா சொல்றது?" என்று கேட்டேன்.

"கார்தான் அத்தான் சொல்லுது."

"கடன் வாங்குனவன்கிட்டயே போயி உன் கையில எவ்வளவு இருக்குன்னு கேட்டா, சரியாவா சொல்லுவான்?"

நானே ஒரு முடிவுக்கு வந்தேன். பேட்டரியைத் தின்கிற எதுவும் இன்று ஓடக் கூடாது. முதலில் ஏசியை அணைத்தேன். பாட்டை அணைத்தேன். சகாயம் போனைச் சார்ஜில் போட்டிருந்தாள், அதைப் பிடுங்கினேன். நாலு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டேன். (இறக்குவதற்கும் கரண்டு செலவாகும் என்பதால் ஒரே தடவையில் முழுதாக இறக்கினேன்.)

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். என் மாமியார் வீட்டில் மூத்த மாப்பிள்ளை சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அத்தை என்னை எதிர்த்துப் பேசியதில்லை. நான் சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னால், இல்லாத உப்பு இருப்பதாகவே அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிடுவார்கள். சகாயம் எங்கள் வீட்டில் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்பாள். ஆனால் அவள் அம்மா முன்னால் எனக்குக் கொடுக்கிற மரியாதையைப் பார்த்தால் எனக்கே யாரோ என்று தோன்றும். ஆகவே மே மாத வெயிலில், பட்டுப்புடவை கட்டிய இரண்டு பெண்களும் பட்டுச்சட்டை போட்ட ஒரு கல்யாணப் பையனும் அடைத்து உட்கார்ந்திருந்த அந்தக் காரில், ஏசி போடுங்கள் என்று கேட்கும் தைரியம் ஒருவருக்கும் வரவில்லை.

பாபநாசம் வருவதற்குள் அத்தை முகத்தில் பூசியிருந்த பவுடர் கோடு கோடாக இறங்கிவிட்டது. அவர் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தார். சனிக்கிழமையில் மகிழ்ச்சியான பகுதியைச் சொல்வதுதான் வழக்கம். தாராசுரம் தாண்டும்போது காதைக் கொடுத்துக் கேட்டேன், அத்தை ஆண்டவர் சிலுவை சுமக்கிற துக்கமான பகுதிக்கு மாறியிருந்தார். கும்பகோணத்தில் என் தோளில் பின்னாலிருந்து ஒரு கிள்ளு விழுந்தது. நன்றாக ஓட்டுகிறேன் என்று சகாயம் பாராட்டுகிறாள் என எடுத்துக்கொண்டேன்.

நானோ ரோட்டைப் பார்த்ததைவிடத் திரையைத்தான் அதிகம் பார்த்தேன். ஒவ்வொரு சதவீதமாகக் குறையும்போதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். கீழே இறங்கி வருகிற பாலங்களில் காலை எடுத்தால் பேட்டரி கொஞ்சம் ஏறும் என்று ராபர்ட் சொன்னான். செலவழித்த காசு திரும்பிப் பாக்கெட்டுக்கே வரும் என்று சொல்கிறவனை நம்பிப் பணத்தைக் கட்டிவிட்டு, அவன் ஓடிப்போன பிறகு அவன் வீட்டு வாசலில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அதையும் நம்பவில்லை. போனில் டிங் என்று சத்தம். 'நின்னுடுச்சா?' என்று ரைஸ்மில் நண்பர் கேட்டிருந்தார்.

மயிலாடுதுறை தாண்டியதும் சோதனை ஆரம்பித்தது. அப்போது கோடை நெல் அறுவடை நேரம். நெல் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் ரோட்டை அடைத்து நின்றன. காத்திருந்தால் பேட்டரி வீணாகும் என்று (நிற்கும்போது மின்சாரக் கார் ஏறக்குறைய ஒன்றும் செலவழிக்காது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது) ஒரு கிராமத்துச் சாலையில் திருப்பினேன். அந்தச் சாலையில் பாதியை நெல் காயப்போட எடுத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு டிராக்டரின் பின்னால் பெரிய காற்றாடியை மாட்டி நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கூடையால் நெல்லை உயர்த்திக் கொட்ட, மணி கீழே விழுந்தது. பதரும் தூசியும் காற்றில் பறந்து நேராக எங்கள் காருக்குள் வந்தன.

என் ஜீப்பாக இருந்தால் அரை மைல் தூரத்திலேயே அவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். இந்தக் கார் பூனை மாதிரி வந்து நின்றது யாருக்கும் தெரியவில்லை. ஹாரன் அடிக்கலாம்தான். ஹாரனும் பேட்டரியில்தானே வேலை செய்கிறது என்ற எண்ணம் என் கையைத் தடுத்தது. அவர்களாகத் திரும்புவார்கள் என்று காத்திருந்தேன். கண்ணாடியை ஏற்றவும் மனம் வரவில்லை. ஏற்றினால் புழுங்கும், புழுங்கினால் ஏசி கேட்பார்கள். கூடை கூடையாகப் பதர் உள்ளே வந்தது. ராபர்ட்டின் தலையிலும், சகாயம் மடியில் வைத்திருந்த மல்லிகைப் பூவிலும், அத்தையின் ஜெபமாலையிலும் அது படிந்தது. கடைசியில் அந்தப் பெண்களில் ஒருவர் எதற்கோ திரும்பினார்.

"ஐயையோ, காரா நிக்குது? சத்தமே இல்லியே. ஒரு ஹாரன் அடிக்கக் கூடாதா சார்?"

நெல்லோடு பழகாதவர்களுக்குச் சுணை என்றால் என்னவென்று தெரியாது. உமியிலும் பதரிலும் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத முள் அது. காய்ந்த உடம்பில் பட்டால் தட்டிவிட்டுப் போகலாம். வியர்த்த உடம்பில் பட்டால் ஒட்டிக்கொண்டு அரிக்கும், சொறியச் சொறிய இன்னும் உள்ளே போகும். குளித்தால்தான் விடும். நாங்கள் நாலு பேரும் வியர்த்துக் கொட்டியபடி அதைப் பூசிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனோம்.

வாசலில் லூர்துசாமி கைகூப்பி வரவேற்றார். பெரியம்மா எங்களை மேலிருந்து கீழாகப் பார்த்தார். உள்ளே மின்விசிறிகள் நன்றாகச் சுழன்றுகொண்டிருந்தன. பேசாமல் அவற்றின் கீழே போய் உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் காரை அணைக்கும்போது திரையைப் பார்த்திருந்தேன். அறுபது சதவீதம் மிச்சம். வருவதற்கு நாற்பதுதான் ஆகியிருக்கிறது என்று ராபர்ட் மெல்லச் சொன்னான். எனக்குத் திருப்தி இல்லை. பானையின் மேலே இருக்கிற அரிசியைவிட அடியில் இருக்கிற அரிசி சீக்கிரம் தீரும் என்பது எந்த வீட்டிலும் தெரிந்த விஷயம். ஆகவே மாப்பிள்ளை வீட்டுச் சார்பாக அந்த வீட்டில் நான் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"பதினஞ்சு ஆம்பியர் பிளக் பாயிண்ட் எங்கங்க இருக்கு?"

மாப்பிள்ளை வீட்டார் நகை கேட்பார்கள், பாத்திரம் கேட்பார்கள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன், கரண்டு கேட்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை என்று லூர்துசாமி பிற்பாடு பல இடங்களில் சொல்லிச் சிரித்தார். அப்போது சிரிக்கவில்லை. கொல்லையில் தண்ணீர் மோட்டாருக்கு வைத்திருந்த பிளக்கைக் காட்டினார். டிக்கியிலிருந்து ஒயரை எடுத்து நானே மாட்டினேன். அடுப்படியில் விருந்துக்குத் தேங்காய் அரைபட்டுக்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. பழைய ஒயரிங். கொஞ்ச நேரத்தில் எங்கோ 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. கிரைண்டர் நின்றது. ஃப்ரிட்ஜ் நின்றது. கடைசியாக, போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே விசிறிகளும் நின்றன.

கம்பத்திலேயே பியூஸ் போய்விட்டது. ஒயர்மேன் பக்கத்து ஊர்க்காரர், ஆள் அனுப்பியிருக்கிறது என்றார்கள். சாமியாருக்கு இன்னொரு வீட்டில் நோயாளியைப் பார்க்க வேண்டியிருந்ததால் அவரும் வந்து சேரவில்லை. காற்றில்லாத கூடத்தில், ஊரார் இருபது பேர் எதிரே உட்கார்ந்து பார்க்க, எங்கள் நாலு பேருக்கும் வியர்வையும் சுணையும் சேர்ந்து வேலையைக் காட்ட ஆரம்பித்தன.

அத்தை முந்தானைக்குள் கையை விட்டு மெதுவாகக் கழுத்தைத் தேய்த்தார். சகாயம் வளையலைச் சரிசெய்வது போல முழங்கை வரை சொறிந்தாள். நான் சுவரில் முதுகைச் சாய்த்து, எருமை மரத்தில் உரசுவது போல மேலும் கீழும் நகர்ந்துகொண்டிருந்தேன். ராபர்ட் மட்டும் கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு அசையாமல் இருந்தான். கழுத்து சிவந்து தடித்துக்கொண்டு வந்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனாலும் கை அசையவில்லை. கடைசியில் அவனாலும் முடியவில்லை. காதுக்குப் பின்னால் ஒரே ஒருமுறை சொறிந்துகொண்டான். அந்த ஒரு முறையை எதிரே இருந்த பெரியம்மா பார்த்துவிட்டார்.

அவர் எழுந்து உள்ளே போனார். உள்ளே குசுகுசுப்பு. லூர்துசாமியைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது மனிதர் முகம் மாறியிருந்தது. எனக்கு எதிரே வந்து குனிந்து, மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரியே மெல்லக் கேட்டார்.

"தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. பொண்ணப் பெத்தவன், கேட்காம இருக்க முடியல. உங்க குடும்பத்துல தோல் சம்பந்தமா ஏதாச்சும் இருக்கா?"

அது சுணை என்றேன், வழியில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள் என்றேன். பெரியம்மா வாசற்படியில் வந்து நின்று, கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுக்கொண்டு வருகிற காருக்குள் சுணை எப்படி வரும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் ராபர்ட் பேசினான்.

"ஏசி வேலை செய்யலிங்க."

அத்தானைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவன் சொன்ன பொய் அது. ஆனால் இன்ஜினோடு வாழ்கிற ஒரு மனிதரிடம் வண்டியைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது என்று அவனுக்குத் தெரியவில்லை. புதுக் காரில் ஏசி வேலை செய்யவில்லை என்றதும் லூர்துசாமிக்குக் கவலையெல்லாம் மறந்துபோய் ஒரு உற்சாகம் வந்துவிட்டது. நான் பார்க்கிறேன் என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். ராபர்ட் தடுப்பதற்குள் காருக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்தபோது நெற்றியில் வியர்வை இல்லை, முகத்தில் சிரிப்பும் இல்லை.

"ஏசி நல்லாத்தானே இருக்கு. ஐஸ் மாதிரி வருது."

பெரியம்மாதான் பேசினார். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"காருக்கே பொய்யின்னா, உடம்புக்கு என்ன சொல்லுவாங்க?"

அத்தை மடியில் வைத்திருந்த பூத்தட்டை எடுத்துக் கீழே வைத்தார். எத்தனையோ வரன்கள் தட்டிப்போனபோது அவர் அழுததை நான் பார்த்திருக்கிறேன். இப்போது அழவில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அந்த நிலையிலும் மூத்த மாப்பிள்ளையைக் குற்றம் சொல்கிற மாதிரி ஒரு பார்வை வந்துவிடக் கூடாது என்று குனிந்தே இருந்தார். சகாயமும் அப்படித்தான். அவர்கள் மூன்று பேரும் என் மரியாதைக்காக அந்தக் கல்யாணத்தை விட்டுக்கொடுக்கத் தயாராகிவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்தபோது, உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. சட்டைப் பையில் போன் டிங் என்றது. நின்னுடுச்சா என்றுதான் கேட்டிருப்பார்கள், எடுக்கவில்லை.

எழுந்து நின்றேன்.

"பையன் மேல தப்பு இல்லிங்க. ஏசி போட விடாதது நான்தான்."

லூர்துசாமி என்னை நம்பாமல் பார்த்தார். ஏன் என்று கேட்டார்.

"பேட்டரி தீந்துபோயி நடுவழியில நின்னுடும்னு பயமா இருந்துச்சு."

"இங்க வந்து சேர்றப்ப எவ்வளவு இருந்துச்சு?"

இந்த இடத்தில் ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்தான் காருக்குள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறாரே. "அறுபது சதவீதம்" என்றேன். ஹாரன் அடிக்காத காரணத்தையும் அவர் கேட்டார், அதையும் சொன்னேன். (கண்ணாடியை ஒரே தடவையில் இறக்கியதை மட்டும் சொல்லவில்லை. ஒரு மனிதனுக்குக் கொஞ்சமாவது மிச்சம் வேண்டும்.)

உள்ளே அறையில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்துச் சிரித்தார்கள். அதுவரை நாங்கள் குரலைக்கூடச் சரியாகக் கேட்டிராத ஜெசிந்தாதான். அந்தச் சிரிப்பு கூடத்துக்கும் பரவியது. லூர்துசாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. ராபர்ட் பக்கத்தில் வந்து அவன் காலரை விலக்கிக் கழுத்தைப் பார்த்தார், தோளில் ஒட்டியிருந்த ஒரு பதரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு வேர்க்குரு பவுடர் டப்பாவை எடுத்துவந்து அத்தை கையில் கொடுத்தார். அந்த வீட்டில் எங்களுக்குக் கிடைத்த முதல் சீர் அது.

சாமியார் வருவதற்குள் உள்ளிருந்து ஒரு நிபந்தனையும் வந்தது. பெண்ணுக்குச் சம்மதம், ஆனால் திரும்பிப் போகும்போது ஏசி போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். இதுநாள் வரை மாப்பிள்ளை வீட்டார் நிபந்தனை போட்டுத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். அத்தை என்னை ஒரு வார்த்தை கேட்காமல், போடுறோம்மா என்று அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார். பதினான்கு வருஷத்தில் என்னைக் கேட்காமல் அவர் எடுத்த முதல் முடிவு. எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

மாலையில் முழு ஏசியில் திரும்பினோம். வழக்கத்தையும் ஒதுக்கிவிட்டு ராபர்ட்டே ஓட்டினான். அத்தை முன்சீட்டில் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தார். குறைக்கட்டுமா என்று அவன் கேட்டதற்கு, இருக்கட்டும்டா, நல்லாருக்கு என்று சொல்லிப் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். தஞ்சாவூர் வந்தபோதும் பேட்டரியில் மிச்சம் இருந்தது. குழுவில் 'வண்டி எங்கும் நிற்கவில்லை' என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். அவர்களில் சிலர் அந்தப் பயணத்தை இன்றுவரை மறைக்கப்பட்ட விபத்து என்றே நம்புகிறார்கள்.

கல்யாணத்தன்று பெண் வீட்டார் மூத்த மாப்பிள்ளைக்கு மரியாதைத் தட்டு வைத்தார்கள். வேட்டி, துண்டு, அதன் மேல் ஒரு வேர்க்குரு பவுடர் டப்பா. மைக்கில் அறிவித்துத்தான் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் என் தட்டில் அது உண்டு. ஜெசிந்தா என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறாள். ஒருநாள் நானே அவளிடம் கேட்டேன், அன்று எல்லோரும் சந்தேகப்பட்டார்களே, உனக்குச் சந்தேகம் வரவில்லையா என்று.

"கதவிடுக்குல பாத்துக்கிட்டுத்தான் இருந்தேண்ணே. அவ்வளவு அரிப்புலயும் உங்களக் காட்டிக்குடுக்காம உட்காந்திருந்தாரே, அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

கேட்டதும் பெருமையாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அதில் எனக்கு என்ன பெருமை என்று புரியவில்லை.

போன வருஷம் என் ஜீப்பை விற்றுவிட்டேன். வாசலில் இப்போது ஒரு மின்சாரக் கார் நிற்கிறது. (காரணத்தை என்னிடம் கேட்காதீர்கள். வீட்டுக் கணக்கு சகாயம் பார்க்கிறாள்.) வாங்கிய அன்று மந்திரிக்கக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். முன்னால் மாதா சொரூபத்தை வைத்துவிட்டு நான் இறங்கிய நேரத்தில், ஜெசிந்தா அதன் பக்கத்தில் புத்தம்புது வேர்க்குரு பவுடர் டப்பா ஒன்றை வைத்துவிட்டாள். நான் கவனிப்பதற்குள் சாமியார் கதவைத் திறந்து உள்ளே தீர்த்தம் தெளித்துவிட்டார். நாலு துளி டப்பாவின் மேலும் விழுந்தது.

மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக் கூடாது. அதனால் அது அங்கேயே இருக்கிறது. திரையில் தெரிகிற நம்பரை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. ஆனால் அத்தை காரில் ஏறி உட்கார்ந்து, மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கிற டப்பாவையும் ஒருமுறை தொட்டுக் கும்பிடுவார். உடனே நான் ஏசியைப் போட்டுவிடுவேன்.